ஓடுவதற்கு ஒன்று, தூக்குவதற்கு ஒன்றா? ஜிம் காலணி பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஸ்குவாட், அதாவது பார் என்னும் எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் காலணியைப் பற்றியே கேட்டிருந்தன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வருவதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 26. எடை 70 கிலோ. நான்கு மாதங்களாக ஜிம்முக்குச் செல்கிறேன். 4,500 ரூபாய் கொடுத்து வாங்கிய, அடிப்பாகம் நன்கு தடித்த ஓட்டக் காலணியை அணிந்துதான் எல்லாப் பயிற்சிகளையும் செய்கிறேன். 60 கிலோ பார் வைத்து ஸ்குவாட் செய்யும்போது குதிகால் ஆடுவது போல இருக்கிறது. ஜிம் மாஸ்டர் கிராஸ் டிரெய்னிங் ஷூ வாங்கச் சொல்கிறார். இது உண்மையிலேயே தேவையா, அல்லது வியாபாரத்துக்காகச் சொல்லப்படுவதா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: மாஸ்டர் சொல்வதில் தவறில்லை. உங்கள் காலணியிலும் குறை இல்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு, நீங்கள் அதற்குக் கொடுக்கும் வேலை வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்காகத்தான் ஓட்டக் காலணியின் அடியில் இ.வி.ஏ. போன்ற பஞ்சு போன்ற பொருளைத் தடிமனாக வைக்கிறார்கள். பஞ்சு அமுங்க வேண்டும், அமுங்கிய உடனே எழும்ப வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. ஸ்குவாட்டில் நடப்பது வேறு. உங்கள் 70 கிலோவும் பாரின் 60 கிலோவும் சேர்ந்து 130 கிலோ, நீங்கள் இறங்கி எழும் நேரம் முழுவதும் இரண்டு பாதங்களின் மேல் இடைவிடாமல் நிற்கிறது. அப்போது பஞ்சு அமுங்குவது மட்டுமல்லாமல், நீங்கள் எந்தப் பக்கம் சற்றே கூடுதலாகச் சாய்கிறீர்களோ அந்தப் பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமுங்குகிறது. அதனால் கணுக்கால் உள்பக்கமாகச் சரிகிறது, கணுக்காலைத் தொடர்ந்து முழங்காலும் உள்ளே வருகிறது. குதிகால் ஆடுவதாக நீங்கள் உணர்வது இதைத்தான். மெத்தை மேல் நின்றுகொண்டு அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிராஸ் டிரெய்னிங் ஷூ என்பது பல பயிற்சிகளையும் ஒரே காலணியில் செய்வதற்காக வந்த சமரசம். 1980களில் ஜிம்முக்கு வருகிறவர்கள் ஓட ஒரு ஜோடி, பந்து விளையாட ஒரு ஜோடி, எடை தூக்க ஒரு ஜோடி என்று பையில் சுமந்து வருவதைக் கவனித்த டிங்கர் ஹாட்ஃபீல்டு என்ற வடிவமைப்பாளர், நைக்கி நிறுவனத்துக்காக ஏர் டிரெய்னர் 1 என்ற காலணியை வடிவமைத்தார். அது 1987இல் விற்பனைக்கு வந்தது. இன்று ஜிம்களில் பேசப்படும் ரீபாக் நானோ 2011இலும், நைக்கி மெட்கான் 2015இலும் வந்தவை. இந்த வகையில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பொதுவாக 4 முதல் 7 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஓட்டக் காலணிகள் பலவற்றில் அது 8 முதல் 12 மில்லிமீட்டர். குதிகால் பகுதி கெட்டியாக இருக்கும், முன்பாதம் ஓரளவு வளையும், அடிப்பாகம் அகலமாக இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டிலும் ரப்பர் ஏறியிருக்கும்.

பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, கடையில் நின்று நீங்களே செய்து பார்க்கும் சோதனைகள்தாம் நம்பத்தக்கவை. முதலில் காலணியைக் கையில் எடுத்து, குதிகாலுக்கு நேர் கீழே உள்ள பஞ்சைப் பக்கவாட்டிலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியும் சிறிதே உள்வாங்கினால் நல்லது. ரொட்டியைப் போல உள்ளே போனால் அது ஓடுவதற்கானது. அடுத்து, முன்பக்கத்தை ஒரு கையிலும் குதிகாலை மறுகையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். பாதத்தின் உள்வளைவுக்குக் கீழே, நட்ட நடுவில் மடங்கினால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துணியைப் பிழிவது போல முறுக்கினாலும் அது எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பிறகு ஒரு சமமான மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். புதிய காலணியிலேயே குதிகால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை நான் விலையுயர்ந்த ஜோடிகளிலும் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, இரண்டு கால்களிலும் அணிந்து, லேஸை முழுதாகக் கட்டி, கடையிலேயே பத்துப் பதினைந்து ஸ்குவாட் செய்து பாருங்கள். குதிகால், பெருவிரலின் அடிமூட்டு, சுண்டுவிரலின் அடிமூட்டு ஆகிய மூன்று இடங்களிலும் தரை ஒரே சீராகத் தெரிய வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் அளவில் உங்களுக்கு நடுத்தர விலையுள்ள கிராஸ் டிரெய்னிங் ஷூ ஒன்று போதும். வாங்கும் வரை ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து நிமிர்வது) இரண்டுக்கு மட்டும் ஓட்டக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டையான கேன்வாஸ் ஷூவை அணியுங்கள். பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், கையால் இழுக்கும் மெஷின் பயிற்சிகள் முதலியவற்றுக்கு இப்போதிருப்பதே தாராளம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் சிமெண்டுத் தரைதான். அங்கே வருகிறவர்கள் வெறுங்காலுடனோ ரப்பர் செருப்புடனோதான் எடை தூக்குகிறார்கள். ஷூ இல்லாமல் தூக்கினால் ஆபத்தா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: வெறுங்காலுடன் டெட்லிஃப்ட் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். பாதம் தரையோடு ஒட்டியிருப்பதால் பாரைத் தூக்க வேண்டிய தூரம் சற்றுக் குறைகிறது, நிலையும் உறுதியாக இருக்கிறது. போட்டிகளில் மெல்லிய அடி கொண்ட துணிச் செருப்பு போன்ற ஒன்றை அணிந்துகொண்டு அதே பலனைப் பெறுகிறார்கள். எனவே வெறுங்காலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை; கூடத்தின் தரை துடைக்கப்பட்டு, வியர்வை ஈரமில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலர் புழங்கும் ஈரத் தரையில் சேற்றுப்புண் எளிதில் தொற்றிக்கொள்ளும். 20 கிலோ பிளேட் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதை எந்த ஜிம் ஷூவும் தடுக்காது; பாரின் இரு முனைகளிலும் கிளிப் மாட்டுவதுதான் தடுக்கும்.

ரப்பர் செருப்பு மட்டும் கூடவே கூடாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை, ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கும் லஞ்சஸ் செய்யும்போது அடிப்பாகம் மடங்கி உள்ளே போகும், வியர்வை பட்டால் வழுக்கும். பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்கு அணியும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் அடி தட்டை, ரப்பர் மெல்லியது, பஞ்சு கிட்டத்தட்ட இல்லை. எடை தூக்குவதற்கு மட்டும் என்றால், பத்தாயிரம் ரூபாய்க் காலணி செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும். குதிப்பதற்கும் நெடுந்தூரம் ஓடுவதற்கும் மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: நான் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். காலையில் மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் ஓட்டம், மாலையில் ஜிம். ஒரு ஜோடி வாங்கத்தான் வீட்டில் பணம் தருவார்கள். கிராஸ் டிரெய்னிங் ஷூ வாங்கினால் இரண்டுக்கும் ஆகுமா?
— வாசகர், தர்மபுரி

பதில்: உங்கள் நிலையில் இருப்பவர் கிராஸ் டிரெய்னிங் ஷூ வாங்கக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன். உடல் தகுதித் தேர்வில் ஆண்களுக்கு முதலில் நிற்பது 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கும் சுற்று. அதில் தேறாவிட்டால் கயிறு ஏறுவதும் நீளம் தாண்டுவதும் பற்றிப் பேச்சே இல்லை. அதற்காக நீங்கள் வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறீர்கள். கெட்டியான குதிகால் கொண்ட காலணியில் அவ்வளவு தூரம் ஓடினால், முன்கால் எலும்பை ஒட்டிய வலி, குதிகால் வலி, முழங்கால் வலி ஆகிய மூன்றில் ஒன்று வந்து சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது முன்கால் வலியோடு என்னிடம் வரும் பையன்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஓடாமல் இருங்கள் என்ற மருந்தை அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?

ஆகவே வீட்டில் தரும் பணத்தில் பெரும்பங்கை ஓட்டக் காலணிக்குச் செலவிடுங்கள். மேகம் போல மிதக்கும் மிகத் தடித்த அடி கொண்டவற்றைத் தவிர்த்து, நடுத்தரத் தடிமன் உள்ள ஒன்றை எடுங்கள். மிச்சத்தில் மேலே சொன்ன கேன்வாஸ் ஷூ ஒன்றை வாங்கி மாலையில் எடை தூக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவாக விலையுயர்ந்த ஒரு ஜோடி வாங்குவதைவிட இது குறைந்த செலவில் முடியும், காலுக்கும் நல்லது.

ஓட்டக் காலணியின் பஞ்சு ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் தன் துள்ளலை இழந்துவிடும். நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் வீதம் வாரத்தில் ஆறு நாள் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 120 முதல் 130 கிலோமீட்டர் ஆகிறது. அதாவது நாலைந்து மாதங்களில் கீழ் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். தேர்வுத் தேதி தெரிந்ததும் கணக்குப் போட்டு, குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே புதியதை வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள். அதே காலணியை ஜிம்முக்கும் அணிந்து, அதன் மேல் எடையோடு நின்று பஞ்சை அமுக்கி வைத்தால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். வேலை நேரம் முழுவதும் பாதுகாப்புக் காலணியில் நின்றுவிட்டு, மாலையில் ஜிம்மில் ஜும்பா நடன வகுப்புக்கும், வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சிக்கும் செல்கிறேன். என் பாதம் முன்பக்கம் அகலமானது. பெண்களுக்கான ஜிம் ஷூ எதை அணிந்தாலும் சுண்டுவிரல் நசுங்குகிறது. ஒரு அளவு பெரியதாக எடுத்தால் குதிகால் கழன்று வருகிறது. ஆண்களுக்கானதை வாங்கலாமா?
— வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா என்று நம் பெரியவர்கள் சும்மா கேட்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே நீளத்துக்குப் பெண்களுக்கான அச்சை (காலணிக்கு வடிவம் தரும் பாத மாதிரியை) ஆண்களுடையதைவிடக் குறுகலாகச் செய்கின்றன. நீளத்தில் ஒரு அளவு கூட்டும்போது உங்களுக்குத் தேவையான அகலம் சிறிதே கிடைக்கிறது, தேவையில்லாத நீளம் நிறையச் சேர்ந்துவிடுகிறது. யு.கே. அளவில் ஓர் எண் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். 38, 39 என்று போகும் ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்குச் சுமார் ஆறே முக்கால் மில்லிமீட்டர். நம் நாட்டுக் கடைகளில் சொல்லப்படும் எண் பெரும்பாலும் யு.கே. எண்தான். அமெரிக்க எண் மட்டும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று வேறுபடும். எனவே எண்ணை நம்பாமல், பெட்டியில் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் நீளத்தைப் பாருங்கள்.

வீட்டில் அளக்கும் முறை இது. வேலை முடிந்து வந்த மாலையில், அதாவது பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஜிம்முக்கு அணியும் அதே சாக்ஸோடு ஒரு தாளின் மேல் எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்துகொண்டு வரைந்தால் அகலம் குறைவாகவே காட்டும். பெரிய பாதத்துக்குத்தான் காலணி வாங்க வேண்டும். கடையில் காலணியின் உள்ளே பாதம் படும் மெல்லிய விரிப்பான இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலுக்கு வெளியே வழியக் கூடாது. வழிந்தால், பழகினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லும் ஆறுதலை ஏற்காதீர்கள். துணி சற்று நெகிழும். அடிப்பாகத்தின் அகலம் நெகிழாது.

குதிகால் கழன்று வருவதற்குப் பல காலணிகளில் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறார்கள். லேஸ் துளைகளில் எல்லாவற்றுக்கும் மேலே, சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஒரு துளை இருக்கும். லேஸை அதன் வழியாக அதே பக்கத்தில் உள்ளே விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்குங்கள், மறுபக்கமும் அப்படியே. இப்போது வலது லேஸ் நுனியை இடது வளையத்துக்குள்ளும், இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால், முன்பாதம் இறுகாமல் கணுக்கால் மட்டும் பிடிபடும்.

ஜும்பாவுக்கு ஒரு குறிப்பு. அதில் முன்பாதத்தை ஊன்றித் திரும்பும் அசைவுகள் அதிகம். அடிப்பாகம் தரையை அளவுக்கு மீறிப் பற்றிக்கொண்டால் உடல் திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழங்காலில் போய் நிற்கும். ஆகவே ஆழமான வெட்டுகள் கொண்ட அடிப்பாகத்தைத் தவிர்த்து, சற்று வழவழப்பான, முன்பாதத்தில் கொஞ்சம் பஞ்சுள்ள கிராஸ் டிரெய்னிங் ஷூவைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்புக் காலணியில் நாள் முழுவதும் நின்ற பாதத்தை உடனே இன்னொரு காலணிக்குள் திணிக்காமல், பத்து நிமிடம் காற்றாட விட்டு, சாக்ஸை மாற்றிக்கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: பெயர்பெற்ற நிறுவனத்தின் ஜிம் ஷூவின் 'ஃபர்ஸ்ட் காப்பி' 1,200 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வாங்கலாமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டாம். வெளியே தெரியும் துணியையும் முத்திரையையும் நகல் எடுப்பது எளிது. உங்களுக்குத் தேவையானதோ வெளியே தெரியாத அடிப்பாகத்தின் கெட்டித்தன்மையும் ஒட்டின் உறுதியும். போலி செய்கிறவர் செலவைக் குறைப்பது அங்கேதான். அதே 1,200 ரூபாய்க்கு, தன் சொந்தப் பெயரில் விற்கும் ஓர் இந்திய நிறுவனத்தின் தட்டையான காலணியை வாங்கினால், குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கவாவது ஓர் ஆள் இருப்பார். 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அந்த எல்லைக்குள் இப்போது நல்ல தேர்வுகள் இருக்கின்றன என்பதால், ஜிம்முக்குப் புதியவர்கள் அதைத் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

கேள்வி: பளுதூக்கும் போட்டிக்குத் தயாராக விரும்புகிறேன். குதிகால் உயர்ந்த, மரக்கட்டை போல் கெட்டியான ஷூவைப் போட்டிகளில் அணிகிறார்களே, அதையே ஜிம்மில் எல்லாவற்றுக்கும் அணியலாமா?
— வாசகர், பர்கூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது பளுதூக்கும் காலணி. அதில் குதிகால் முன்பாதத்தைவிடச் சுமார் 20 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம், உயர்ந்திருக்கும். பழைய நாளில் மரத்தாலோ அடுக்கிய தோலாலோ குதிகாலைச் செய்தார்கள்; இப்போது பெரும்பாலும் அமுங்காத பிளாஸ்டிக். உயரம் எதற்கென்றால், பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச், முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய இரண்டிலும் வீரர் பாரின் அடியில் ஆழமாக உட்கார வேண்டியிருக்கிறது. அப்படி உட்காரும்போது முழங்கால் முன்னே போக வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கணுக்கால் அவ்வளவு மடங்காதவர்களுக்குக் குதிகால் உயரம் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. பக்கத்து வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அவர் தூக்கும் காட்சிகளை இணையத்தில் தேடி, பாரைக் காணாமல் பாதங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். பாதம் தரையை விட்டு எழுந்து, சற்று அகலமாகத் தட்டென்று இறங்கி, இறங்கிய இடத்தில் அசையாமல் நிற்பது தெரியும். கெட்டியான அடிப்பாகத்தின் பயன் அந்தத் 'தட்டென்று' என்பதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அணிய முடியாது. அடிப்பாகம் வளையாததால் ஓடவும் குதிக்கவும், தரையில் படுத்து எழுந்து குதிக்கும் பர்பீ செய்யவும் அது உதவாது. டெட்லிஃப்டில் உயர்ந்த குதிகால் உடலை முன்னே தள்ளும், தூக்கும் தூரத்தையும் கூட்டும். நீங்கள் உண்மையிலேயே போட்டிப் பளுதூக்குதலில் இறங்குவதாக இருந்தால், பெல்ட்டுக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் முன்பு இதை வாங்குங்கள். சாதாரண ஸ்குவாட்டுக்காக மட்டும் என்றால், முதலில் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள நீளமான பலகையைத் தரையில் நகராதபடி வைத்து, குதிகால்களை அதன் மேல் ஊன்றி, வெறும் பாரோடு உட்கார்ந்து எழுங்கள். முன்பைவிட ஆழமாக, முதுகு வளையாமல் உட்கார முடிந்தால் உயர்ந்த குதிகால் உங்களுக்கு உதவும். ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் பணம் மிச்சம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நடைப்பயிற்சியோடு எடைப் பயிற்சியும் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்பா என்னோடு ஜிம்முக்கு வருகிறார். அவருக்கு எப்படிப்பட்ட ஷூ வாங்குவது?
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: இந்தப் பக்கத்தில் மேலே மற்றவர்களுக்குச் சொன்ன சிலவற்றை உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். முதலாவது, அவர் வெறுங்காலுடன் எதையும் தூக்கக் கூடாது. ஜிம்மில் நடக்கவும் கூடாது. சர்க்கரை நோய் நாள்பட்டிருந்தால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். காலில் ஆணி குத்தினால்கூடத் தெரியாமல் போய், புண் பெரிதான பிறகுதான் கண்ணில் படும். காலணி வாங்குவதற்கு முன்பே, பாத உணர்ச்சியையும் இரத்த ஓட்டத்தையும் ஒருமுறை சோதித்துச் சொல்லும்படி அந்த மருத்துவரிடமே கேளுங்கள். உணர்ச்சி குறைந்திருக்கிறது என்றோ, முன்பு புண் வந்திருக்கிறது என்றோ தெரிந்தால், கடையில் கிடைக்கும் ஜிம் ஷூ போதாது. அவருடைய பாதத்துக்கென்று செய்யப்படும் காலணி தேவைப்படலாம்.

சோதனையில் குறை இல்லை என்றால், விரல் பகுதி அகலமாகவும் உயரமாகவும் உள்ள, அடிப்பாகம் ஓரளவு கெட்டியான, உள்ளே தையல் முடிச்சுகள் உறுத்தாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காகிதம் போன்ற மெல்லிய அடி கொண்ட 'வெறுங்கால் வகை' காலணிகள் அவருக்கு வேண்டாம். ஒவ்வொரு முறை அணிவதற்கு முன்பும் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துச் சின்னக் கல் ஒன்று உள்ளே கிடந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். புதியதை முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணியாமல், கழற்றியவுடன் பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கண்பார்வை குறைந்தவர் தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கடினம். இந்த வேலையை மகனே செய்வது நல்லது.

கேள்வி: சிங்கப்பூரில் இருந்து மாமா வாங்கி வந்த விலையுயர்ந்த ஷூவைப் பாழாக்க வேண்டாம் என்று மூன்று வருடம் பெட்டியிலேயே வைத்திருந்தேன். போன மாதம் ஜிம்முக்கு முதன்முதலாக அணிந்து சென்றபோது அடிப்பாகம் தூள்தூளாக உதிர்ந்துவிட்டது. இது போலியா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சில காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதனுள் மெல்ல மெல்லப் புகுந்து, அதன் மூலக்கூறுகளின் பிணைப்பைச் சிதைக்கிறது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது நடக்கும். அவ்வப்போது அணிகிற காலணியில் அழுத்தமும் காற்றோட்டமும் ஈரத்தை வெளியேற்ற உதவுவதால், பெட்டிக்குள் மூடிக் கிடப்பதைவிட அது நீடித்து உழைக்கிறது என்று காலணித் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் குளிரும் மழையும் கூடுதல். பீரோவின் கீழ்த்தட்டில், துணியால் சுற்றி வைத்த பெட்டிக்குள் ஈரம் தங்குவதற்குக் கேட்பானேன். உதிர்ந்த அடிப்பாகத்தை ஒட்டுவதில் பலன் இல்லை. மேல்பகுதி நன்றாக இருந்தால், கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் அடியை முழுவதும் எடுத்துவிட்டு ரப்பர் அடி தைத்துத் தரக்கூடும். நடப்பதற்கு ஆகும், எடை தூக்குவதற்கு வேண்டாம்.

அடுத்து வாங்குவதை வாங்கிய வாரமே அணியத் தொடங்குங்கள். ஜிம்முக்கென்று வாங்கியதைத் தெருவில் அணியாமல் பையில் எடுத்துச் செல்வது நல்லது. நம் செம்மண் தூசி ரப்பர் வெட்டுகளில் படிந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும். ஈரத் துணியால் அடிப்பாகத்தை ஒருமுறை துடைத்தாலே பிடிப்பு திரும்பிவிடும். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். வெயில் காலத்தில் மொட்டை மாடியிலோ, கண்ணாடி மூடிய காருக்குள்ளோ வைத்தால் இ.வி.ஏ. பஞ்சு சூட்டில் சுருங்கும், ஒட்டு விட்டுப்போகும். பயிற்சி முடிந்ததும் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வைத்தால் போதும்; காலையில் தாளை மட்டும் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகாலின் உள்ளோரமோ வெளியோரமோ சாய்ந்து, அழுத்திய கட்டைவிரலுக்கு ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தால், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த ஜோடியைச் சந்தைக்குப் போய்வர வைத்துக்கொண்டு, ஸ்குவாட்டுக்கு வேறு ஒன்று வாங்கிவிடுங்கள்.